சாரங்கா மிதந்த கதை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எந்தக் கிரேக்கத் தீவுக்கும் போனதில்லை. இத்தாலியில், பலெர்மோ நகரில், ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன், மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். இந்தக் கதையைக் கபோ சந்தையில், கத்தரிக்காய்க் கடை முன்னால் நின்று கேட்டேன். சொன்னவள் எங்கள் கீழ்வீட்டுச் சாரங்கா. நக்ஸோஸ் தீவில் ஏழு நாள் இருந்துவிட்டு வந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்:

நீலம் என்ற சொல் போதாத ஒரு கடலின்

வேண்டாம். அந்தக் கடலைப் பார்க்காதவன் எழுதுகிற வாக்கியம் இது. இன்னொன்று:

சாரங்கா வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவுக்குக் கால் முறிந்தது.

இது உண்மை. தான் பதிந்து வைத்திருந்த நக்ஸோஸ் கடற்கரை அறை வீணாகக் கூடாதென்று சிஞ்ஞோரா அதைச் சாரங்காவுக்கும் அவள் கணவன் சுதாகரனுக்கும் கொடுத்துவிட்டார். வாழ்க்கையில் அவர்களுடைய முதல் விடுமுறை.

2

இருவருக்கும் ஓய்வெடுக்கத் தெரியவில்லை. காலை ஆறு மணிக்கே சாரங்கா கட்டிலை விரித்து, குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிடுவாள். துப்புரவுக்கு வந்த பெண் வாசலில் நின்று திகைத்தாள், பிறகு சிரித்துக்கொண்டே, கூட்டுகிற தன் தும்புத்தடியை இவளிடம் நீட்டினாளாம்.

சுதாகரன் கடற்கரைக்கு வந்தான். குடையின் கீழ், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

(இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். இவ்வளவு போதும்: முல்லைத்தீவு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். 2009இல் கரையொதுங்கிய உடல்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தன் அண்ணனைத் தேடியவன். அதற்குப் பிறகு கடலில் கால் நனைக்கவில்லை. இங்கிருந்து ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக்குப் பஸ் போகிறது. ஒருநாளும் ஏறியதில்லை.)

இருந்தாலும் எனக்குச் சந்தேகம். நாள் முழுக்க ஒருவன் அப்படி இருப்பானா?

"இருந்தவர் அண்ணை," என்றாள் சாரங்கா. "மலையைப் பாத்துக்கொண்டு இருந்தவர். நல்ல மலை எண்டும் சொன்னவர்."

3

நாலாம் நாள் அவள் தனியாகத் தண்ணீரில் இறங்கினாள். கிளிநொச்சிக்காரி. குளம் தெரியும், கடல் தெரியாது. போட்டிருந்த பஞ்சாபி உடுப்போடு இடுப்பளவு போனாள். பக்கத்தில் ஒரு பருத்த அம்மா பாயில் படுத்ததுபோலத் தண்ணீரில் படுத்திருந்தார். காதை உள்ளே விடு, வயிற்றைத் தூக்கு என்று கையால் காட்டினார். இரண்டு தரம் சாரங்கா உப்புத்தண்ணீர் குடித்தாள். மூன்றாம் தரம்

"கால் நிலத்தை விட்டிட்டுது அண்ணை. காதுக்குள்ளை தண்ணி போனதும் ஒரு சத்தமும் இல்லை. என்ர மூச்சு மட்டும் கேக்குது. கடல் ஆளைத் தூக்கி வைச்சிருக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நாப்பத்தொரு வயசாச்சு, ஒருத்தரும் சொல்லேல்லை!"

அவள் கண் சந்தையில் இல்லை. கத்தரிக்காய்க்காரன் பையை நீட்டியபடி நின்றான்.

[இங்கே கடலைத் தாய்மடிக்கு ஒப்பிட்டு ஒரு வரி வந்தது. அழித்துவிட்டேன். அவள் சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.]

4

அப்போதுதான் சுதாகரன் திரும்பிப் பார்த்தான். ஏன் திரும்பினான் என்று அவனுக்கே தெரியாதாம்.

தண்ணீரில் ஒரு பெண். முகம் வானத்தைப் பார்க்க, உடுப்பு விரிந்து, அசையாமல்.

சப்பாத்தோடு ஓடினான். பெயரைச் சொல்லிக் கத்தினான். காது தண்ணீருக்குள் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. பாய்ந்து அவளைத் தூக்கினான். அவள் பதறி, புரைக்கேறி இருமினாள்.

"என்னப்பா? என்ன நடந்தது?"

"நீர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்..."

"நான் மிதக்கிறனப்பா. சும்மா மிதக்கிறன்."

அவன் அவள் தோளை விடவில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்பதை அவள்தான் முதலில் கவனித்தாள்.

"கடலுக்குள்ளை நிக்கிறீங்கள்."

அவன் குனிந்து பார்த்தான். நெஞ்சளவு தண்ணீர். கண்ணாடிபோல இருந்தது. அடியில் மணல், மணலில் அவனுடைய இரண்டு சப்பாத்துகள், அவற்றைச் சுற்றி விரல் நீள மீன்கள். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடி தெரியுது," என்றான்.

"ஓம். எல்லாம் தெரியுது. வேறை ஒண்டும் இல்லை, பாருங்கோ."

அவன் நாலு பக்கமும் பார்த்தான். வேறு ஒன்றும் இல்லை.

5

மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் அவன் அழுகிறான். இன்னொன்றில் கரையேறி, மிச்ச நாளும் மலையைப் பார்க்கிறான். மூன்றாவதில் நீந்துகிறான், சின்ன வயதில் நீந்தியதுபோல. எனக்குப் பிடித்தது அதுதான். அதனாலேயே அதை நம்பவில்லை.

சாரங்காவிடம் கேட்டேன். "பிறகு?"

"பிறகு நான் திரும்பவும் படுத்தன். அவர் என்ர தலைக்குக் கீழை கையை வைச்சார். 'கையை எடுங்கோ, நான் மிதப்பன்' எண்டன்."

"எடுத்தவரோ?"

சிரித்தாள். "அதை எழுதாதேங்கோ அண்ணை."

எழுதவில்லை. அவள் காதுகள் தண்ணீருக்குள் இருக்கின்றன, கண்கள் திறந்திருக்கின்றன. அவன் வலக்கை அவள் கூந்தலுக்கு அடியில் இருக்கிறது. நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் கையை எடுப்பதும் வைத்திருப்பதும் இனி உங்கள் பாடு.