நடந்து வருவதற்கு விசில் இல்லை

வெள்ளிக்கிழமை காலை கூடாரத்தை விட்டு வெளியே வந்த கோபாத்துக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல இருந்தது. நேற்று முழுக்க எட்டு மணி நேரம் நாலு பேரும் படகுகளோடு ஆற்றில் கிடந்தார்கள், அதுவும் எதிர்க்காற்றில். காயாத ஈரச் சட்டையையே இப்போது மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். உலகத்தில் அதைவிடக் கேவலமான காரியம் ஒன்று உண்டா? வலது தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்தான். உள்ளே எதுவோ கடுக்கென்றது. சுழற்றுவதை நிறுத்திக்கொண்டான்.

அந்தத் தோள்தான் விஷயமே. கோபாத் இஸ்பஹானில் வீட்டுக் கூரைகளின் உட்புறத்துக்கு ஜிப்சம் பூசுகிறவன். பனிக்காலத்தில் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தபோது மூட்டு நழுவிவிட்டது. திரும்பப் பொருத்திய டாக்டர், "இன்னொரு தரம் நழுவுச்சுன்னா ஆபரேஷன்தான். அப்புறம் கையைத் தலைக்கு மேல தூக்கறதை மறந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார். கை தலைக்கு மேலே போகாத ஜிப்சம்காரன் எதற்கு ஆவான்? ஐம்பது வயதில் வேறு என்ன தொழிலைப் போய்க் கற்றுக்கொள்வான்? மனைவி முனீரைத் தவிர யாரிடமும் அவன் இதைச் சொல்லவில்லை.

பிறகு எதற்கு வந்தான் என்று கேட்பீர்கள். வரமாட்டேன் என்றுதான் சொன்னான். எங்கள் ஊரில் அதை யார் நம்புகிறார்கள்? ஒரு கிளாஸ் டீயைக்கூட மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலாவது தரம் வாங்கிக் குடிக்கிற ஜனங்கள் நாங்கள். திங்கட்கிழமை படகுக் கூட்டாளி ஹுர்மொஸ் போனில் கூப்பிட்டான், கோபாத் வேண்டாம் என்றான். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டான், வேண்டாம் என்றான். புதன்கிழமை சாயங்காலம் கயாக் படகுகளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான். "நீங்க இல்லாம இறங்கினா ஆறு எங்களைக் காறித் துப்பிடும் அண்ணே, ஏறுங்க." கோபாத் ஏறினான். அந்த மூன்றாவது அழைப்பு அவனுக்கு உள்ளூர இனித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மனுஷன்தானே.

பதினோரு வருஷமாக இந்தக் கூட்டத்தில் கடைசிப் படகு அவனுடையதுதான். முன்னால் போகிறவர்கள் கவிழ்ந்தால் ஆளையும் படகையும் துடுப்பையும் பொறுக்கிக் கரை சேர்ப்பது அவன் வேலை. கடைசிப் படகுக்காரனே தோள் வலிக்கிறது என்று முனகினால் நன்றாகவா இருக்கும்?

நெருப்பருகே ஹுர்மொஸ் தக்காளியில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தான். மிட்டாய்க் கடையில் பிஸ்தா மிட்டாய் கிண்டிப் பெருத்த கை. குரலும் அதே அளவு பெரிது. அவன் மச்சான் பீஜன் தன் ஷூவைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தான். படகை விட்டு நீந்திக் கரையேறுகிறவன் தன் ஷூவிலேயே மோர் ஊற்றிக் குடிக்க வேண்டும், அது ஆற்றுச் சட்டம். நேற்று பீஜன் இரண்டு தரம் குடித்தான்.

"நாத்தம் போகவே மாட்டேங்குது" என்றான் பீஜன்.

"அது மோரு நாத்தம் இல்ல, உன் கால் நாத்தம்" என்றாள் ஆஃபாக். பிரசவ வார்டு நர்ஸ். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்த கையோடு காரில் ஏறியவள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இன்னும் அப்படியே இருந்தது.

கோபாத் ரொட்டியை எடுத்து நீட்டினான். "உங்க கை வலிக்காம இருக்கட்டும் அண்ணே" என்றான் ஹுர்மொஸ். நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுகிற நன்றிதான் அது. கோபாத்துக்கு மட்டும் அன்று சுருக்கென்றது.

நண்பகலில் கழுதைக்கழுத்து என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி, ஓராள் உயரம் விழுந்து, இடது பக்கம் முறுக்கிக்கொண்டு திரும்பும். திருப்பத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று மேலேயிருந்து தெரியாது. இந்த வசந்தத்தில் பனி சீக்கிரம் உருகிவிட்டதால் தண்ணீர் போன வருஷத்தைவிட ஒரு முழம் கூட. நால்வரும் கரையேறிப் பாறை மேல் நின்று பார்த்தார்கள்.

"எனக்கு வேணாம்பா. நான் நடக்கறேன்" என்றான் பீஜன்.

"போ, போய்க் கீழ கயித்தோட நில்லு" என்றான் ஹுர்மொஸ். அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. இரண்டே வருஷமாகத் துடுப்புப் பிடிக்கிறவனுக்கு இருக்கிற சலுகையைப் பார்த்துக் கோபாத்துக்கு வயிறு எரிந்தது.

"நானும் நடந்தே வர்றேன்" என்றான். "களைப்பா இருக்கு. என்னால ஆகாது."

"யாருக்குத்தான் களைப்பு இல்ல?" என்ற ஹுர்மொஸ் ஓரக்கண்ணால் ஆஃபாக்கைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "ஓஹோ, புரியுது! ஆஃபாக் நடந்தா சங்கடப்படுவாளேன்னு நீங்களும் கூட நடக்கறேங்கறீங்க. உங்க நிழல் என்னிக்கும் குறையாம இருக்கட்டும் அண்ணே, பெரிய மனசு!"

"அட, அதில்லடா. நெசமாவே வேண்டாங்கறேன்."

"நான் நடக்கறேன்னு யாரு சொன்னா?" ஆஃபாக் சீறினாள். "எனக்காக ஒருத்தரும் படகைத் தூக்கிட்டு மலையேற வேண்டாம். நான் இறங்கறேன்."

"உன்னைச் சொல்லலம்மா. எனக்குத்தான் வேண்டாம்."

"மூணு தரம் ஆச்சு!" ஹுர்மொஸ் கைதட்டினான். "மரியாதை முடிஞ்சுது, படகைத் திருப்புங்க. நான் முதல்ல, ஆஃபாக் நடுவுல, நீங்க வழக்கம்போலக் கடைசியில."

தோள் என்ற சொல் கோபாத்தின் தொண்டை வரை வந்தது. மென்று விழுங்கினான். சொல்லிவிட்டால் அப்புறம் கடைசிப் படகு ஏது? கூப்பிட வாசலுக்கு யார் வருவார்கள்?

ஹுர்மொஸ் இறங்கினான். சிவப்புப் படகு விளிம்பில் ஒரு கணம் நின்று, விழுந்து, நுரையில் காணாமல் போய், திருப்பத்தருகே எழுந்து, மறைந்தது. வெகு நேரம் கழித்துக் கீழேயிருந்து விசில் ஒன்று கேட்டது. ஒரு விசில் என்றால் வரலாம். இரண்டு என்றால் நில். மூன்று என்றால் ஆள் தண்ணீரில்.

ஆஃபாக் படகுக்குள் உட்கார்ந்து ஹெல்மெட் வாரை மாட்டப் பார்த்தாள். மாட்ட வரவில்லை. விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பத்து வருஷமாகப் பிள்ளைகளைக் கையில் ஏந்துகிற விரல்கள் நடுங்கி அவன் பார்த்ததே கிடையாது.

"ஆஃபாக்" என்றான். "நாலாவது தரமா சொல்றேன். எனக்கு வேண்டாம். பனியில தோள் நழுவிடுச்சு. இன்னொரு தரம் நழுவினா என் பொழப்பே போச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப மூணு தரம் சொன்னதும் நெசமா?"

"நெசம்."

"அட கடவுளே! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? நீங்க நடந்தா அது என்னாலதான்னு ஆயிடும்னு நான் இல்ல சாகத் துணிஞ்சு உக்காந்திருக்கேன்!" திட்டிக்கொண்டே படகிலிருந்து எழுந்தாள். எழுந்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "ரெண்டு நாளாத் தூங்கல அண்ணே. கண்ணை மூடினா அப்படியே விழுந்துடுவேன்."

நடந்து வருகிறோம் என்பதற்கு அவர்களிடம் விசில் இல்லை. பதினோரு வருஷத்தில் அப்படி ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

ஓக் மரக்காட்டுச் சரிவில் இரண்டு படகுகளையும் ஏற்றி இறக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆஃபாக் தன் படகை நூறு அடி தூக்கிப் போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து அவன் படகைப் பிடிப்பாள். அவன் இடது கையால் பின்னாலிருந்து தள்ளுவான். முள் கிழித்தது. வெயில் முதுகில் அறைந்தது. "பேசாம செத்தே போயிருக்கலாம், சுலபமா இருந்திருக்கும்" என்றாள் ஒருமுறை. அவனுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

சரிவின் பாதியில் ஹுர்மொஸ் எதிரே ஏறி வந்தான், பின்னால் பீஜன். ஹுர்மொஸின் கையில், தண்ணீரில் விழுந்தவருக்கு வீசுகிற கயிற்றுப் பை இன்னும் அப்படியே தொங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் நின்றான். பிறகு அங்கேயே ஒரு கல்லின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு பேரும் போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான். அந்தப் பெரிய குரலைக் காணோம். "துடுப்பாவது மிதந்து வருமான்னு தண்ணியையே பார்த்துட்டு நின்னேன். முனீர் அண்ணிக்கு என்ன பதில் சொல்றதுன்னு..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகுதான் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"சொன்னேன்" என்றான் கோபாத். "மூணு தரம்."

தோளைப் பற்றியும் அங்கேயே சொன்னான். ஹுர்மொஸ் கயிற்றுப் பையின் வாயை இறுக்குவதும் தளர்த்துவதுமாக உட்கார்ந்திருந்தான். கடைசியில் எழுந்து, கோபாத்தின் படகைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

பாலத்தருகே கார் நின்ற இடத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆஃபாக் பின் சீட்டில் ஏறிய வேகத்தில் தூங்கிப்போனாள். பீஜன் டீ ஊற்றினான். ஹுர்மொஸும் கோபாத்தும் காரின் இரண்டு பக்கமும் நின்று படகுகளைப் பட்டை போட்டுக் கட்டினார்கள், கோபாத் ஒற்றைக் கையால்.

"அடுத்த மாசம் லொரெஸ்தான் பக்கம் போலாம்னு இருக்கோம்" என்றான் ஹுர்மொஸ், காருக்கு அந்தப் பக்கமிருந்து. "வர்றீங்களா அண்ணே?"

"வேண்டாம் ஹுர்மொஸ்."

ஹுர்மொஸ் வாயைத் திறந்தான். 'அட வாங்கண்ணே' என்பது உதடு வரை வந்துவிட்டது, கோபாத் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வந்தது அப்படியே நின்றது. ஹுர்மொஸ் வாயை மூடிக்கொண்டான்.

"சரி அண்ணே" என்றான்.

நம்பிவிட்டான். முதல் தரத்திலேயே நம்பிவிட்டான். காலையிலிருந்து இதற்குத்தானே தவித்தோம் என்று கோபாத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான்; அந்த மூன்றாவது அழைப்பு இனித்ததுபோல இது இனிக்கவில்லை. தன் பக்கத்துப் பட்டையை இறுக்கி முடித்தான். பிறகு அதை அவிழ்த்து, நிதானமாக, இன்னொரு தரம் கட்டினான். ஹுர்மொஸ் காருக்குள் ஏறி உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தான். வேறெதுவும் கேட்கவில்லை.