பட்டியலில் மிஞ்சிய பெயர்

அன்று காலை சர்வர் அறையில் இருந்தவர்கள்: மடிக்கணினியுடன் பல் டாக்டர், முதலாளி, அதாவது அக்காள் புருஷன், மூலையில் இரைந்துகொண்டிருந்த சர்வர், கடைசியாக நம்மாள். வரிசை முக்கியத்துவப்படிதான்.

நம்மாள் படிப்பைப் பாதியில் விட்டவன், இரவு ஷிஃப்ட் வேலையைக் கால்வாசியில் விட்டவன். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இது அக்கா அழுது வாங்கிக் கொடுத்த வேலை. இதையும் விட்டால் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

அந்த ஒரே சர்வரில், அத்தான் அலுவலகத்துடையதையும் சேர்த்து, வாடகைக்கு இடம் எடுத்த நாற்பது பேரின் தகவல்தளங்கள் இருந்தன. ஒருவருடையதை இன்னொருவர் திறக்க முடியாது. ஆனால் பெயர்ப் பட்டியல் மட்டும் உள்ளே வரும் எல்லார் கண்ணிலும் படும் என்பது நம்மாளுக்குத் தெரியாது. தன்னைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள் என்று மனதில் பட்ட பெயரையெல்லாம் வைத்திருந்தான்.

டாக்டர் வாசித்தார். "அழுமூஞ்சி கண்ணாடிக்கடை. தூங்குமூஞ்சி டிராவல்ஸ். அது யாருப்பா, 'நச்சரிப்புப் பல்'?"

"அது... பொதுவா பல்வலியச் சொன்னது, டாக்டர்."

"திறந்தா என் பேஷண்ட் லிஸ்ட்டு வருதே!"

அத்தான் பல்லைக் கடித்தார். "மாப்ளே, மத்தவங்க பாக்குறதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா சாவிய வச்சிட்டுக் கிளம்பு. உங்கக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

பெயர்களை மாற்றினால் நாற்பது பேரின் மென்பொருளிலும் கை வைக்க வேண்டும். சோம்பலுக்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்திருந்த நம்மாள், டாக்டருடையதை மட்டும் மாற்றினான். பிறகு ஒரே கட்டளை போட்டான்: யாரும் பட்டியலைப் பார்க்கக் கூடாது.

"என்னோடதையும் காணோமே!" என்று அலறினார் டாக்டர்.

வியர்க்க வியர்க்க சர்வரின் கையேட்டைப் புரட்டினான். அவரவர் தகவல்தளத்துக்கு அவரவரையே உரிமையாளராக்கினால் அவரவருடையது மட்டும் தெரியுமாம். நாற்பதுக்கும் அப்படியே செய்தான். டாக்டரின் திரையில் ஒரே வரி: 'பல் மருத்துவமனை'. அவர் நம்மாள் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து முழுசாக முடித்த முதல் வேலை அது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் நம்மாளே இல்லை.

"அத்தான், நீங்களும் உங்க லாகின்ல போய்ப் பாருங்க. அடுத்தவன் பேரு ஒண்ணு தெரிஞ்சாலும் என்னை ஏன்னு கேளுங்க."

அத்தான் பார்த்தார். அடுத்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை. நாற்பதில் ஒன்றாய்க் கூட்டத்தில் ஒளிந்துகிடந்த வரி இப்போது திரையின் உச்சியில் தன்னந்தனியாக நின்றது: 'வெத்துவேட்டு அத்தான்'.

இரண்டு முறை படித்தார்.

"நல்லாத் தெரியுது, மாப்ளே. பளிச்சுன்னு தெரியுது."

கையை நீட்டினார். நம்மாள் சாவியை அதில் வைத்தான், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.