மேசைமேல் ஓர் இறால் பெட்டி

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பத்தாளில் பிறந்தது. திருவொற்றியூரில், புதுத்தொழில் தொடங்குவோருக்கு உதவும் மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். 'நீங்கள் தீர்க்கவிருக்கும் பிரச்சினை என்ன?' என்ற கட்டத்தில் ஒருவர் 'இல்லை' என்று எழுதியிருந்தார். சிரித்தேன். பிறகு யோசித்தேன்.

2

மையத்தை நாடிவரும் தொழில்முனைவோர் மூன்று வகைப்படுவர். முதல் வகையினர்

[அடித்துவிட்டேன். கட்டுரை வாடை. இரண்டு பேர் போதும்.]

தண்டையார்பேட்டை ஃபவாஸ் ஏற்கெனவே மூன்று மையங்களைப் பார்த்தவன். எங்கே எந்தச் சொல் எடுபடும் என்று அறிவான். காத்திவாக்கம் வியாகுலம்மாள் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர். அதை உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி செய்திருக்கிறார்: பழைய ஆட்டோ பேட்டரி, மீன்தொட்டி மோட்டார். குப்பத்தில் முப்பது பேர் கேட்கிறார்கள். செய்துகொடுக்க மையத்தின் பட்டறை வேண்டும்.

மையத்தில் மிச்சம் ஒரே இடம். தேர்வு செய்பவர் செங்குட்டுவன். [அவர் நான் அல்ல. சட்டை மட்டும் என்னுடையது.]

3

செங்குட்டுவனின் அறைக்கு வெளியே பேச்சு கேட்டது.

"இன்னாக்கா, பிரச்சினை இல்லேன்னு எழுதிக்கீறே?" ஃபவாஸின் குரல்.

"இருந்துச்சு நைனா. பொட்டி செஞ்சேன், பிரச்சினை பூட்ச்சி. இல்லாதத எப்டி எழுதறது?"

"கொஞ்சம் அழுவாச்சியா எழுதுக்கா. அப்பதான் சேத்துப்பாங்க."

"அழுதா எறா பொழைக்குமா?"

வியாகுலம்மாளை உள்ளே அழைத்த செங்குட்டுவன், அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் பூஜ்யம் என்றார். வியாகுலம்மாள் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"காலைல எட்டு மணிக்கு புட்ச்ச எறா. அஞ்சு மணிக்குத் தொற சார். உசுரோட இருந்தா எனக்கு இடம். இல்லாங்காட்டி அந்தப் புள்ளைக்கு. சந்தைல சரக்கப் பாத்துதான் பேச்சு."

4

முடிவு அ: எல்லாம் துள்ளின. இடம் அவருக்கு. ஃபவாஸ் அவருக்கு விண்ணப்பம் எழுதும் கூட்டாளியானான். [அழகு. அதனாலேயே சந்தேகம்.]

முடிவு ஆ: செங்குட்டுவன் மூடியைத் தூக்கியபோது, இறால்கள்

இல்லை.*

*மூடி திறக்கும் காட்சி எனக்கு எழுத வராது. போன ஆடியில் எங்கள் கூடத்தில் ஒரு வாடகைக் குளிர்பெட்டி இருந்தது. உள்ளே என் மனைவி. மோட்டார் நன்றாகவே ஓடியது.

5

மணி ஐந்து. செங்குட்டுவன் பெட்டியில் காது வைக்கிறார். மோட்டார் ஓடுகிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"இன்னா சார், தொறந்தியா?" வாசலில் வியாகுலம்மாள்.

என்னால் ஆனது ஒன்றைச் செய்துவிட்டேன். 'இல்லை' என்ற பதிலுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அது மாறாது.

மூடியை நீங்கள் திறவுங்கள். நான் சன்னலோரம் நிற்கிறேன். என்ன தெரிகிறது என்று சத்தமாகச் சொல்லுங்கள்.