பூட்டிய கெர்னலும் பொரிக்கும் முட்டைகளும்

ஃபேன் நின்றுபோனது. சுண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பொரிப்பு அறையில் அந்தச் சத்தம் மட்டும் நிற்கவே கூடாது. ஆளுயர இரும்பு அலமாரிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த முட்டைகள் அன்று காலையில்தான் விரிசல் விடத் தொடங்கியிருந்தன. பொரிக்கிற வேளையில் ஒவ்வொரு முட்டையும் தானே சூடு கக்கும். காற்று ஓடாவிட்டால் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே வெந்துபோகும். கதவைத் திறந்து காற்று விடலாம் என்றால், ஈரமெல்லாம் வெளியே போய், உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது வெளியே வரவே வராது.

ஃபேன் மறுபடி சுழன்றது. கொஞ்ச நேரம் ஓடி, திரும்பவும் நின்றது.

"என்ன சுண்டு, உன் பெட்டி இழுத்து இழுத்து மூச்சு விடுது?" என்றார் மாமா.

மாமா அவளுடைய அக்காவின் கணவர். பொரிப்பகம் அவருடையது. பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்று புகைந்துபோனபோது, அந்த இடத்தில் தன் படிப்புக்காகச் செய்த கம்ப்யூட்டர் போர்டை வைக்கச் சொல்லிக் கெஞ்சியவள் சுண்டு. மாமா மழுப்பினார். அக்காதான் நடுவில் புகுந்து சம்மதம் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த போர்டில் ஓடியது அவளே எழுதிய கெர்னல். ஹீட்டருக்கு ஒரு ப்ரோக்ராம், ஃபேனுக்கு ஒரு ப்ரோக்ராம், ஈரத்தைப் பார்க்க ஒன்று. அத்தனையையும் அடியில் உட்கார்ந்து மேய்ப்பது கெர்னல். முதலில் அவள் அதற்குக் கற்றுக்கொடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத் திருத்திக்கொள்ள. பிழை இருந்தால் இயந்திரத்தை நிறுத்தாமலே அந்த இடத்தில் ஒரு பேட்ச், அதாவது ஒட்டுத் திருத்தம், போடலாம். ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிற வேலை என்று கல்லூரி லேபில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து மெமரியில் சுவர் எழுப்பினாள். ஒரு ப்ரோக்ராம் இன்னொன்றின் இடத்தில் கை வைத்தால் கெர்னல் அதை அங்கேயே நிறுத்திவிடும். கெர்னலின் சொந்தக் குறிமுறைக்கும் பூட்டுப் போட்டாள். படிக்கலாம், எழுத முடியாது. சுவர் வேலை செய்த அன்று வீடே அதிரக் குதித்தாள். இரண்டையும் சேர்த்துச் சோதித்துப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

லேப்டாப்பில் போர்டின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். குஞ்சுகள் வெளிவர வெளிவர அலமாரிக்குள் ஈரம் ஏறி, அளவு நூறைத் தொட்டிருக்கிறது. தொண்ணூற்றொன்பது வரை இரண்டு இலக்கம். நூறுக்கு மூன்று. அவள் இடம் விட்டது இரண்டுக்கு. ஃபேன் ப்ரோக்ராமிடம் எண்ணைக் கொடுக்கப் போன கெர்னல், ஓர் இலக்கம் கூடுதலாகச் சுவரைத் தாண்டி வைக்கப் பார்க்கிறது. சுவர் தடுக்கிறது. ஃபேன் ப்ரோக்ராம் சாகிறது, மறுபடி பிறக்கிறது, நூறு வந்ததும் மறுபடி சாகிறது. பிழை ஃபேனில் இல்லை, கெர்னலில்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு," என்றார் மாமா.

"பண்ணினா சென்சார் எல்லாம் முதல்லேர்ந்து சரிபார்க்கும் மாமா. அதுவரைக்கும் ஃபேன் சுத்தமா ஓடாது."

"அப்ப வயரை நேரா கரன்ட்ல குடுத்துடுறேன்."

"ஃபுல் ஸ்பீடுல அடிச்சு ஈரத்தையெல்லாம் உறிஞ்சிடும்ங்க," என்றாள் அக்கா. அவள் அலமாரிக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த வெப்பமானியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "சூடு ஏறுதுடி. சீக்கிரம் பாரு."

சுண்டு திருத்தத்தை எழுதினாள். சின்னத் திருத்தம்தான். அனுப்பினாள். திரையில் பதில் வந்தது: எழுத அனுமதி இல்லை.

ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பூட்டுப் போட்டவள் அவள்தான். அந்தப் பூட்டு அவளுடைய பேட்சையே வாசலில் நிறுத்திவிட்டது.

லேபில் இருந்த கூட்டாளிக்கு ஃபோன் போட்டாள். தடிமனான கண்ணாடி போட்டதால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர்.

"பூட்டையே எடுத்துடு," என்றான் கண்ணாடி. "ஒரே கட்டளை. பேட்சைப் போட்டுட்டு திரும்பப் பூட்டிக்கோ."

"எல்லாப் பூட்டும் ஒண்ணாத்தான்டா கழலும். அந்த நேரத்துல நூறு வந்தா, மெமரியில பக்கத்து வீடு ஹீட்டரோடது. அதுல போய் எழுதிடும்."

"வரும்னு என்ன நிச்சயம்?"

"வந்துகிட்டேதான் இருக்கு!"

அந்தக் கட்டளையை அடித்து வைத்துவிட்டாள். என்டர் மட்டும் தட்டவில்லை. ஃபேன் நின்றது. அலமாரிக்குள் எங்கோ ஒரு குஞ்சு கீச்சிட்டது. ஹீட்டர் தாறுமாறாக எரிந்தால் ஒரு தட்டு இல்லை, மொத்தமும் போய்விடும். அடித்த கட்டளையை அழித்தாள்.

பூட்டைக் கழற்றாமல் எப்படி உள்ளே போவது? மெமரியில் ஓர் இடத்துக்கு ஒரே முகவரிதான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? அதே இடத்துக்கு இன்னொரு முகவரியைத் தற்காலிகமாகக் கொடுத்து, அந்த வழியில் மட்டும் எழுத அனுமதித்து, எழுதி முடித்ததும் முகவரியையே அழித்துவிட்டால்? முன்வாசல் பூட்டியபடியே இருக்கும். கொல்லை வழியாகப் போய் வந்துவிடலாம்.

அதை எழுதினாள். "கண்ணாடி, அனுப்புறேன். லேப் போர்டுல ஓட்டிப் பாரு. நேரா இங்க போட எனக்குத் தைரியம் இல்ல."

மாமா கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். "கொஞ்சம் காத்தாவது விடுறேன்."

"கையை எடுங்க," என்றாள் அக்கா. "அவ பார்த்துக்கிட்டுத்தானே இருக்கா?"

"முட்டை வேகுறதையும் நாமதான் பார்த்துக்கிட்டு இருக்கோம்!" என்று வெடித்தார். ஆனாலும் கையை எடுத்தார்.

ஃபோனில் கண்ணாடியின் குரல் வந்தது. "பேட்ச் உள்ள போயிடுச்சு."

"அப்பாடா!"

"இரு, இரு. போயும் பழையபடிதான் ஓடுது."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். படித்ததை ப்ராசஸர் நகலெடுத்துத் தன் கையில் வைத்திருக்கும். அசலை மாற்றினாலும் நகலைப் பார்த்தே வேலை செய்யும். நகலைத் தூக்கிப் போடச் சொல்ல மறந்திருந்தாள். ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பினாள்.

"சரியா இருக்கு. நூறு குடுத்துப் பார்த்தேன், ஃபேன் ப்ரோக்ராம் விழல. போடு!"

போட்டாள். திரையில் இந்தத் தடவை மறுப்பு வரவில்லை. ஃபேன் சுழன்றது. ஈரம் தொண்ணூற்றொன்பது என்றது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நூறு என்றது. ஃபேன் சுழன்றுகொண்டே இருந்தது. மறுபடி தொண்ணூற்றொன்பது, மறுபடி நூறு. அக்கா திரும்பி, "சூடு இறங்குதுடி," என்று சொன்ன பிறகுதான் சுண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்தது.

மறுநாள் தட்டுகளை வெளியே எடுத்தார்கள். கீழ்த்தட்டுகளில் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. சூடு அதிகமாகத் தேங்கிய மேல்தட்டில் பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகள் வெளியே வரவில்லை. சில முட்டைகளில் குஞ்சின் அலகு குத்திய ஓட்டை மட்டும் இருந்தது. அவற்றை எடுத்துப் போட வேலையாள் வந்தபோது, "நான் போடுறேன்," என்று தட்டை வாங்கிக்கொண்டாள் சுண்டு.

திரும்பி வந்தபோது மாமா குஞ்சுகளைப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமா, என் பெட்டியைக் கழட்டிடவா?"

"உங்க அக்காகிட்ட கேளு. நான் ஏதாவது சொல்லி, அப்புறம் யாருக்கு வீட்ல சோறு கிடைக்கும்?"

அக்கா சிரிக்கவில்லை. "இருக்கட்டும். ஆனா அடுத்த தடவை பக்கத்துலயே பழைய பெட்டி ஒண்ணும் இருக்கணும். உன்னுது தடுமாறினா அது கையில எடுத்துக்கணும். முடியுமா?"

சுண்டு யோசித்தாள். நேற்று வரை கேட்டிருந்தால் உடனே தலையாட்டியிருப்பாள்.

"தெரியல அக்கா. ரெண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."