முறை வைத்துத் தூங்கிய வீடு

திண்டிவனத்தில் ரயில்பாதை ஓரத்து வாடகை வீட்டில், அமலா காபி குடித்து விரட்டிய தூக்கமெல்லாம் அவள் புருஷன் சித்தார்த்தன் மேல் போய் விழுந்தது. இரட்டைப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய மாசியில் அது ஆரம்பித்தது. இனியன் கிழக்கே ஓடினால் யாழினி மேற்கே ஓடுவாள். ஒன்று கண்ணயர்ந்தால் மற்றது எழுந்து அழும். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் குடித்துக்கொண்டிருந்தவள் ஐந்துக்கு வந்தாள், பிறகு பதினொன்றுக்கு. விழுப்புரம் வெல்டிங் பட்டறைக்குப் போகிற சித்தார்த்தன் முதலில் பஸ்ஸில் தூங்கி உளுந்தூர்ப்பேட்டை வரை போனான். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. மூச்சும் நாடியும் ஒழுங்காக இருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள்.

காபித்தூள் தீர்ந்துபோன ஒரு மத்தியானம் அமலா தரையில் சாய்ந்தாள். அவன் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டான். எதிர்வீட்டுக் காந்திமதி அவள் சாய்ந்ததையும் அவன் எழுந்ததையும் பார்த்தவள். "நீ முழிச்சினு இருந்தா அவரு தூங்குறாரு, நீ தூங்குனா அவரு எழுந்துக்குறாரு. முறை வெச்சிக்கினு புள்ளைங்களப் பாருங்க," என்று மறுநாள் அமலாவிடம் சொன்னாள்.

முறை வைத்தார்கள். பகலில் அமலா ஜாக்கெட் தைத்தாள், இரவில் அவன் அவற்றுக்குக் காஜா எடுத்தான். விடிந்ததும் காபி கலந்து அவள் வாயில் புகட்டிவிட்டு அப்படியே சரிவான். இனியனுக்கு ஜுரம், மருந்து கொடுத்தாச்சு என்பதையெல்லாம் காலண்டர் தாளில் எழுதிவைத்துக்கொண்டார்கள். ஒருவர் விழித்த முகத்தை மற்றவர் காணாமலே ஆறு மாதம் குடித்தனம் நடந்தது. சாயங்காலம் காபி இறங்கி அவள் சாய்வதற்கும் அவன் கண் திறப்பதற்கும் நடுவே மட்டும் கால் மணி நேரம் இருவருமே தூங்கினார்கள். அதற்காகக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் அவள் படுப்பாள்.

மார்கழியில் ஒரு நாள் பூட்ட மறந்தாள். தெருக்கோடியில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் தண்ணீர் நின்றது. யாழினியின் உடலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த காந்திமதி உலுக்கியபோது அமலா எழுந்து பார்த்தாள். குழந்தையைத் தொட்டாள். பிறகு சித்தார்த்தனின் இமை அசைவதைக் கண்டு, அடுப்படிக்குப் போய் ஆறிக் கிடந்த டிகாக்ஷனை அப்படியே குடித்தாள். இமை அடங்கியது.

"அவரு எழுந்துக்க வேணாங்க்கா. பாப்பா எங்கன்னு கேப்பாரு. சொல்றதுக்கு நான் முழிச்சினு இருக்க மாட்டேன்."

அடக்கத்துக்கு அவனைத் தவிர எல்லோரும் போனார்கள். இது மூன்றாவது வருஷம். அவள் அதற்குப்பின் ஒரு நிமிஷமும் கண் மூடவில்லை. கை நடுக்கத்தில் தையல் கோணிப்போகிறது. அவனுக்கு முகம் மழித்து, கேப்பைக் கஞ்சி புகட்டுகிறாள். இனியன் அப்பாவின் காலைத் தாண்டிப் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு போகிறான். யாராவது சித்தார்த்தனை விசாரித்தால் தூங்குகிறான் என்கிறார்கள் தெருவில், வெளியூர் போயிருக்கிறான் என்பதைப் போல.