கிணற்றடி அக்காவின் பெயர்

"பேர், நட்சத்திரம்?" என்று ஐயர் கேட்டார்.

நேசமலர் வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. தட்டில் தேங்காய் இருந்தது, வெற்றிலை பாக்கு இருந்தது, இரண்டு கதலிப்பழமும் ஒரு கை செவ்வரத்தம்பூவும் இருந்தன. கற்பூரத்தைக்கூட மறக்கவில்லை. பக்கத்து வளவுக் கிணற்றடி அக்காவுக்கு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன். வயிற்றில் இருக்கிற கட்டியை வெட்டி எடுக்கப் போகிறார்கள். அக்கா நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று அவர் பெயரில் ஒரு அர்ச்சனை செய்யத்தான் செவ்வாய்க்கிழமை விடியவே தலைமுழுகிவிட்டு ஓடி வந்திருந்தாள். எல்லாம் கொண்டுவந்தவள் பெயரைக் கொண்டுவரவில்லை. அந்தப் பெயர் தன்னிடம் என்றைக்குமே இருந்ததில்லை என்பது ஐயர் கேட்ட பிறகுதான் அவளுக்கே விளங்கியது.

"என்ன பிள்ளை, வாயிலை கொழுக்கட்டையே வைச்சிருக்கிறாய்? பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

பின்னால் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் அவள் குடியிருக்கிற அதே சின்னத் தெருவின், அதே ஒழுங்கையின் ஆட்கள். பதினான்கு வருசமாக யாருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடிக்கிறாளோ அந்த மனுசியின் பெயர் தெரியாது என்று அவர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நேசமலருக்குக் காது இரண்டும் சுட்டன.

"நேசமலர். பூரட்டாதி" என்றாள்.

பிள்ளையார் பாவம், அவர் என்ன செய்வார்? சொன்ன பெயருக்குத்தானே அவர் அருள முடியும். மணி கிலுங்கியது, பூ விழுந்தது, ஒரு நோய் நொடியும் இல்லாமல் மலைபோல நின்ற நேசமலருக்கு ஆயுளும் ஆரோக்கியமும் தாராளமாகக் கிடைத்தன. விபூதியை வாங்கும்போது, அக்கா சமைத்து மூடி வைத்த சோற்றைத் திருடித் தின்றதுபோல அவளுக்கு இருந்தது.

இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் இது நடக்காமல் போனால்தான் அதிசயம். இங்கே ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்றால் அவர் ஒன்றில் எங்களுக்கு இளையவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டுக் கூண்டில் நிற்க வேண்டும். மற்ற எல்லாரும் அக்கா, அண்ணை, மாமி, பெரியம்மா. அந்த முறைகளுக்குள்ளே ஒரு ஆயுள் முழுவதையும் சுகமாக ஓட்டிவிடலாம். அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்வரை ஒன்றும் குறையாகத் தெரியாது.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து முள்ளியவளைக்குத் திரும்பி வந்த அந்த மாரிமழைக் காலத்தில் ஒழுங்கை முழுவதும் பற்றை. வீடுகளுக்குக் கூரை இல்லை. கிணறுகளுக்குள் என்னென்னவோ கிடந்தன. முதலில் இறைத்துத் துப்புரவாக்கிய கிணறு பக்கத்து வளவுக் கிணறுதான். நேசமலர் வாளியோடு போனபோது, மெலிந்த ஒரு பெண் கப்பிக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தார்.

"பேர் என்ன தங்கச்சி?"

"நேசமலர்."

"வா நேசம். உது புதுக் கயிறு, கையை அறுக்கும். நான் பிடிக்கிறன்."

"சரி அக்கா" என்றாள் நேசமலர். அவ்வளவுதான், விசயம் முடிந்துவிட்டது. மூத்தவர்கள் பெயர் கேட்பார்கள்; இளையவர்கள் சொல்வார்கள். திருப்பிக் கேட்கிற வழக்கம் இல்லை.

முதல் கிழமைக்குள் யாரிடமாவது விசாரித்திருக்கலாம். முதல் மாதத்துக்குள் சிரித்துக்கொண்டே அக்காவிடமே கேட்டிருக்கலாம். ஒரு வருசம் போன பிறகு கேட்டால், இவ்வளவு நாளும் நான் உங்களை ஒரு ஆளாக நினைக்கவில்லை என்று சொல்வதாகிவிடும். முளைத்த அன்றே பிடுங்கியிருக்க வேண்டிய கேள்வி, தென்னையாக வளர்ந்து நின்றுவிட்டது. இனி அதில் ஏற யாரால் முடியும்? நேசமலருக்கு டெங்கு வந்து கிடந்தபோது மூன்று நேரமும் கஞ்சி கொண்டுவந்தவர் அக்கா. மகள் யதுர்ஷிகா சோதனைக்குப் படித்த நாட்களில் விடியப்புறம் வேலிக்கு மேலால் தேத்தண்ணி நீட்டியவரும் அக்காதான். ஒவ்வொரு உபகாரத்தோடும் அந்தத் தென்னை இன்னொரு முழம் உயர்ந்தது.

கோவிலால் வந்த கையோடு கணவன் குகதாசனைப் பிடித்தாள். அவன் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ, அக்கான்ர பேர் என்ன?"

"எந்த அக்கா?"

"கிணத்தடி அக்கா."

"நீயே சொல்லிப்போட்டாய். கிணத்தடி அக்கா."

"அது ஒரு பேரே?"

"எனக்கென்னடியப்பா தெரியும்? விடிஞ்சால் பொழுதுபட்டால் அவவோடை கதைக்கிறது நீ. பேர் தெரியாட்டில் சுவாமி பேருக்குச் செய்துபோட்டு வாவன்."

"பிள்ளையாருக்கே ஒப்பரேசன்?" என்று அவள் சீறினாள். குகதாசன் பம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும். அவனுக்கும் தெரியாது என்பதில் நேசமலருக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

சங்கம், கூட்டம் என்று அக்கா எதற்கும் போகிறவர் இல்லை. அவருக்குக் கடிதமும் வருவதில்லை. மாதாமாதம் வருகிற லைற் பில்லில் சிற்றம்பலம் என்று இருந்தது. அது இரண்டாயிரத்து ஒன்பதில் இல்லாமல் போன அக்காவின் கணவரின் பெயர். கிராமத்து அதிகாரி விதானையாரிடம் பதிவு இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரை விதானையாரிடம் போய்க் கேட்டால் அது பொழுதுபடுவதற்குள் தண்ணீரூற்றுச் சந்திவரைக்கும் போய்விடும்.

புதன்கிழமை காலை அக்காவுக்கு உடுப்பு அடுக்கிக் கொடுக்கப் போனாள். பையின் அடியில் கிளினிக் கொப்பி இருந்தது. அதன் மட்டையில் பெயர் இருக்கும். அக்கா தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போன நேரம் பார்த்துக் கள்ளியைப்போல இழுத்து எடுத்தாள். மட்டையில் ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல். அதற்கு மேல் தேங்காய் எண்ணெய் ஊறிப் பாதியை விழுங்கியிருந்தது. மிச்சமாக நின்றது நம்பர் மட்டும். நூற்றுப் பன்னிரண்டு.

"என்ன தேடுறாய் நேசம்?"

"ஒண்டுமில்லை அக்கா, ரிப்போட்டுகள் எல்லாம் இருக்கோ எண்டு பாத்தனான்."

அன்று மத்தியானம் காற்றே இல்லை. முற்றத்து மாமரத்தின் நிழல் தன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. நேசமலர் குசினி வாசலில் சீமெந்துத் தரையில் தலையைச் சாய்த்தாள். கண் மூடியதோ இல்லையோ, கிணற்றுக்கட்டில் நின்றாள்.

கிணறு விளிம்புவரை நிறைந்திருந்தது. கயிறும் இல்லை, கப்பியும் இல்லை. குனிந்தால் கைக்கு எட்டும் தண்ணீர். அதன்மேல் வேப்பம்பூப்போலப் பெயர்கள் மிதந்தன. அவை எழுத்துகளாக இல்லை, ஆனாலும் பெயர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றை அள்ளினாள், அம்மாவின் பெயர். இன்னொன்றை அள்ளினாள், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவளின் பெயர். முகாமில் அடுத்த கூடாரத்தில் இருந்த குழந்தையின் பெயர் கையில் இளஞ்சூடாக இருந்தது. எல்லாம் அவள் மறந்துவிட்டதாக நினைத்த பெயர்கள். கட்டின் மறுபக்கத்தில் அக்கா தண்ணீருக்குள் காலைத் தொங்கவிட்டபடி இருந்தார். அவருக்குப் பத்து வயது. இரட்டைப் பின்னல் போட்டிருந்தார். "என்ர பேரை எடுத்தனியோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, காத்திருந்த குரலில் கேட்டார். நேசமலர் அள்ளினாள், அள்ளினாள். கிணற்றின் அடியிலிருந்து ஐயரின் குரல் அவசரமே இல்லாமல் மேலே வந்தது. பேர், நட்சத்திரம்? கடைசியில் ஏதோ ஒன்று நிறைவாளியின் பாரத்தோடு கையில் தங்கியது. தூக்கப் பார்த்தவள் விழித்துக்கொண்டாள். கை, வாசலில் இருந்த குடத்தின் ஈரத்தில் பட்டுக் கிடந்தது.

எழும்பி முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை. வேலியின் இடைவெளிப் பொட்டுக்குள்ளால் நேரே கிணற்றடிக்குப் போனாள். பொழுது சாய்கிற நேரம். வாழைகளுக்கு நடுவால் வந்த வெயில் ஈரக்கல்லில் மஞ்சளாகப் படுத்திருந்தது. அக்கா ஒரு கையை வயிற்றில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ அக்கா, நான் அள்ளுறன்."

அக்கா கயிற்றைக் கொடுத்துவிட்டுக் கல்லில் இருந்தார். "கோழியளுக்கு விடிய அரிசிக் குறுணல் போடு. வீட்டைப் பூட்டித் திறப்பை நீயே வைச்சிரு. யாழ்ப்பாணத்திலை அண்ணரின்ர மகள், அந்தப் பெட்டை என்னோடை நிப்பாள், யோசியாதை. நான் வராட்டில்..."

"உப்பிடிக் கதையாதேங்கோ!" வாளி கையிலிருந்து வழுக்கிக் கிணற்றுக்குள் போய் விழுந்தது. அந்தச் சத்தத்தோடு பதினான்கு வருசமும் சேர்ந்து வாயால் வந்துவிட்டது. "அக்கா, உங்களுக்கு அர்ச்சனை செய்யப் போனனான். ஐயர் பேர் கேட்டார். எனக்குத் தெரியேல்லை. வெக்கத்திலை என்ர பேருக்குச் செய்துபோட்டு வந்திட்டன். உங்கட ஆயுளை நான் வாங்கிக்கொண்டு வந்திட்டன் அக்கா. உங்கட பேர் என்ன?"

அக்கா எட்டிக் கிணற்றுக்குள் ஆடுகிற தண்ணீரைப் பார்த்தார். முடிந்தது, இனி இந்தக் கிணற்றடிக்கு முகம் காட்ட முடியாது என்று நேசமலர் நினைத்தாள்.

"பத்மாசனி" என்றார் அக்கா. அலுமாரியில் கனகாலம் கிடந்த சேலையை விரித்துப் பார்ப்பவர்போல இன்னொருமுறையும் சொன்னார். "பத்மாசனி. ஓம், அதுதான். விசாகம்."

"வடிவான பேர் அக்கா."

"கேட்டு எத்தினை வருசம்! அவர் என்னை இஞ்சேர் எண்டுதான் கூப்பிடுவார். அண்ணரின்ர பெட்டைக்கு மாமி. விதானையாருக்குச் சிற்றம்பலத்தின்ர மனுசி. கிளினிக்கிலை நூத்திப் பன்னிரண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டது அம்மாவும் அண்ணரும்தான். அம்மா முந்தியே செத்துப்போனா." அக்கா கையால் ஈரக்கல்லைத் தடவினார். "கடைசியாக் கூப்பிட்டது அண்ணர். கடைசிச் சண்டை நேரம், அந்தக் கடற்கரையிலை சனத்துக்குள்ளை என்னைத் துலைச்சுப்போட்டு, பத்மாசனி, பத்மாசனி எண்டு கத்திக்கொண்டு போறார். எனக்கு வடிவாக் கேக்குது. ஓம் எண்டு சொல்ல வாயைத் திறந்தன். தொண்டை காஞ்சுபோச்சு நேசம், சத்தம் வரேல்லை. பிறகு அவரையும் காணேல்லை."

நேசமலர் அழுதாள். அடக்கிப் பார்க்கவும் இல்லை. தான் வெட்கப்பட்டு விழுங்கிய ஒரு கேள்விக்காக ஒருத்தி இத்தனை வருசம் பக்கத்து வளவிலேயே காத்திருந்தாளே என்று அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"ஏன் அக்கா நீங்களாவது சொல்லேல்லை?"

"கேளாமல் எப்பிடிச் சொல்லுறது? எனக்கும் வெக்கம்தான்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஒருக்கால் கூப்பிடு பாப்பம்."

நேசமலர் மூச்சை இழுத்தாள். உதடு குவிந்தது. சத்தம் வரவில்லை. "எப்பிடி அக்கா? மூத்த ஆளைப் பேர் சொல்லி... வாய் வருகுதில்லை."

"சரி, விடு. ஐயர் கூப்பிடட்டும். அவருக்கு வெக்கமில்லை. நாளைக்குக் காலமை பஸ்ஸுக்கு முதல் நானும் வாறன்."

வியாழக்கிழமை காலை பனி மூட்டம் தெரு முழுவதையும் மூடியிருந்தது. கோவில் மணிக்கூண்டு கீழே ஒன்றும் இல்லாமல் தனியே மேலே நின்றது. இருவரும் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பனிக்குள் நடப்பது நேற்றைய நித்திரைக்குள் நடப்பதுபோலவே இருந்தது. நேசமலர் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அக்காவின் தலையில் இரட்டைப் பின்னல் இருக்கிறதா என்று. நரைத்த கொண்டைதான் இருந்தது.

ஐயர் தட்டை வாங்கினார். இவளை அடையாளம் கண்டு, செவ்வாய்க்கிழமையின் எரிச்சலைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்த குரலில் கேட்டார்.

"பேர், நட்சத்திரம்?"

பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லாரும் ஒழுங்கைக்காரர். நேசமலர் அவர்களுக்கும் சேர்த்துக் கேட்கத்தான் சொன்னாள்.

"பத்மாசனி. விசாக நட்சத்திரம்."

பின்னால் யாரோ யாரிடமோ "அது ஆர்?" என்று குசுகுசுத்தார்கள். ஐயர் உள்ளே திரும்பினார். மணியோசை எழுந்தது. அதற்கு மேலாக, வெட்கமே இல்லாத அவருடைய பெருங்குரல் கல்லில் மோதி மண்டபம் முழுவதும் பரவியது. "விசாகா நட்சத்திரே... பத்மாசனி நாமதேயாயாஹ..."

நேசமலருக்குப் பின்னால் அக்கா பையைக் கீழே வைத்தார். தூரத்தில் போகிற ஒருவருக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல, தொண்டையைத் திறந்து சொன்னார்.

"ஓம் அண்ணை. இஞ்சை நிக்கிறன்."