கோழிக்கோட்டுக்குப் புறப்பட்ட வான்கோழிகள்

ஹூபெர்ட் ஷ்ராமன் வளர்த்த பதினான்கு வான்கோழிகள், பெயர் சொல்லி அழைத்தால் அந்தப் பெயரிலுள்ள ஊரைப் பார்த்து நடந்தன. முதலில் நடந்தது 1926 அக்டோபரில், டச்சு எல்லையூரான வால்ஸின் சந்தையில் ஆப்பிள் விலை இறங்கிய வாரம். அவன் டச்சில் "கால்கூன்" என்றான். வான்கோழியைக் குறிக்கும் அந்தச் சொல்லின் மூலப்பொருள் கோழிக்கோட்டுக் கோழி. பதினான்கும் வேலியைத் தாண்டிக் கிழக்கே போயின. பெல்ஜியப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவன் மனைவி ஓடில், பிரெஞ்சில் "தேந்த்" என்றாள். அது இந்தியக் கோழி. இன்னும் வேகமாகப் போயின. சுரங்கத் தொழிலாளியான போலந்துக்காரன் "இந்திக்" என்றான்; அதுவும் இந்தியாதான். போர்த்துகீசிய வியாபாரி ஒருவர் "பெரு" என்றதும் மேற்கே திரும்பின. உண்மையில் அவை மெக்சிகோவிலிருந்து வந்தவை என்றார் பாதிரியார். அந்தப் பெயர் யாரிடமும் இல்லை.

நான்கு வருடம் தினமும் ஓடில்தான் ஜெர்மன் எல்லைக்குள் போய் அவற்றை ஓட்டிவந்தாள். சுங்கக்காரர்கள் அவளிடம் காகிதம் கேட்பதை விட்டுவிட்டார்கள். "பேர் சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? நடந்து நடந்து என் காலே போச்சு" என்றாள் ஒருநாள், பட்டாணி சூப்பைக் கிண்டியபடி. "உன் பாஷையில சொன்னா மட்டும் நிக்குதாக்கும்? போடி, வெல்ஷே!" என்றான் ஹூபெர்ட். பிரெஞ்சு பேசுகிறவர்களை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வேற்றாள் என்பது அதன் பழைய பொருள். கடையில் யாராவது சொன்னால் ஓடில் ஓரடி தள்ளி நிற்பாள். கணவன் வாயிலிருந்து வந்தது அதுவே முதல்முறை. அவள் பாதங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பின.

"நான் போகல ஹூபெர்ட், காலு போகுது."

பெல்ஜியப் பக்கத்து எல்லைக்கல் அருகே அவளை எட்டிப்பிடித்தான். ஓடில் என்பதும் பிரெஞ்சுப் பெயர், கூப்பிட அஞ்சினான். துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு எல்ஸ்பெத், "பேரைச் சொல்லித் தொலைச்சிடாதே தம்பி, சும்மா கூப்பிடு!" என்று கத்தினாள். சேற்றுப் பனியில் அவளோடு சேர்ந்து நடந்தபடியே, "இந்தா..." என்றான். "சூப்பு ஆறுது." அவள் கால்கள் நின்றன. அவன் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

அதன்பின் அந்த வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. வான்கோழிகளை நாக்கைத் தட்டிக் கூப்பிட்டார்கள். வந்து தீனி தின்றன. 1961இல் ஓடில் இறந்தபோது, கல்லறையில் என்ன பொறிப்பது என்று கல்தச்சன் கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றான் ஹூபெர்ட். கல் வெறுமையாகவே நிற்கிறது. அவளும் அங்கேதான் இருக்கிறாள்.